கன்னையன் பாஸ் போட்ட பதினாறு காசு

கன்னையனிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு பழைய வெள்ளி ரூபாய்கள் இருக்கின்றன. விக்டோரியா ராணி தலை போட்டது, எட்வர்டு தலை போட்டது, ஜார்ஜ் தலை போட்டது, கும்பினி காலத்தது என்று எல்லா வகையும் உண்டு. அவற்றில் ஒன்றுகூட நல்ல காசு இல்லை. நல்ல காசு யாராவது கொண்டுவந்தால் பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்துவிடுவார். கள்ளக்காசு என்றால்தான் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியின் சோதனைக்கூடத்தில், அதாவது லேபில், இருபத்தைந்து வருடமாக வேலை. துணியின் எடையைப் பார்ப்பதுதான் முக்கியமான வேலை. துணியை ஒரு கருவியால் வட்டமாக வெட்டித் தராசில் வைத்தால், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் வரும் என்று தெரிந்துவிடும். வெளிநாட்டுக்காரன் நூற்றெண்பது கிராம் கேட்டிருந்தால், ஒன்பது கிராம் கூடினாலும் பரவாயில்லை, ஒன்பது கிராம் குறைந்தாலும் பரவாயில்லை. அதற்குள் வந்தால் பாஸ், தாண்டினால் ரிஜெக்ட். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது துண்டுகளுக்கு அவர் இந்த இரண்டு வார்த்தைகளில் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியவுடன் எனக்குக் கிடைத்த வேலை அதே கம்பெனியில்தான். வெளிநாட்டுக்காரர்களின் மெயில்களுக்குப் பதில் எழுதுவது. ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். காத்மாண்டு கடைத்தெருவில் வாங்கிய ஒரு கும்பினி ரூபாய் என் பையில் கிடந்தது. லேபில் ஒருவர் காசு பார்ப்பார் என்று யாரோ சொன்னார்கள், கொண்டுபோய்க் காட்டினேன்.

துணியில் இழை எண்ணுவதற்கு வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை அதன் மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். பிறகு, சாயத்தின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அம்மிணி, இத எனக்குக் குடுத்துருவீங்களா?"

"அவ்வளவு நல்ல காசா அண்ணா?"

"நல்ல காசா இருந்தா எனக்கெதுக்குங்க? உங்களை நல்லா ஏமாத்தியிருக்கறானுங்க. வேலப்பாடு அருமை."

கொடுத்துவிட்டேன். அன்று முதல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபுக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

அவர் இதில் இறங்கிய கதை 2003-ல் ஒரு சனிக்கிழமை தொடங்குகிறது. சனிக்கிழமை எங்களுக்குச் சம்பள நாள். அன்று சாயங்காலம் கம்பெனி வாசல்களில் பழம் விற்பவர், சீட்டுக்காரர், துணி விற்பவர் எல்லாரும் நிற்பார்கள். அவர்களோடு அவ்வப்போது ஒரு ஜோடியும் வந்து நிற்கும். குழி தோண்டும்போது பானையில் காசு கிடைத்தது, வெளியே தெரிந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், வந்த விலைக்குத் தருகிறோம் என்பார்கள். சோதித்துப் பார்க்க முதலில் ஒரு காசு கொடுப்பார்கள். அது நிஜக் காசு. கன்னையன் அதைக் கடையில் காட்டி, நல்ல வெள்ளி என்று உறுதி செய்துகொண்டு, ஒரு வாரச் சம்பளத்தை அப்படியே கொடுத்து ஐந்து காசு வாங்கினார்.

அவர் மனைவி வேலாத்தாள் அந்தக் கதையைச் சொல்லும்போது வேறு யாரும் பேசக் கூடாது.

"ஒரு மாசம் சாமிகிட்ட வெச்சுக் கும்பிட்டனுங்க. பண்டிகைக்குப் புளி போட்டுத் தேய்ச்சேன். குத்துவெளக்கு வெளுத்துச்சு. ராணி செவந்து போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, வேற ஆம்பளையா இருந்தா தூக்கிக் கெணத்துல வீசியிருப்பான். இவரு லேபுக்குக் கொண்டுபோய் எடை போட்டுட்டு வந்து, 'எப்பிடி ஏமாத்துனான்னு தெரிஞ்சு போச்சு'ன்னு சிரிச்சாருங்க. மத்தவங்க பீரோல நகை இருக்கும். எங்கூட்டுப் பீரோவத் தொறந்தா பூராத் திருட்டு ராணிங்க."

பீரோவில் உள்ளவை உண்மையில் லேபின் பழைய கோப்புகள். சாய மாதிரித் துண்டுகளைச் செருகி வைக்கும் பிளாஸ்டிக் பைகள் கொண்ட கோப்புகள் அவை. துணித் துண்டு இருந்த இடத்தில் காசு. ஒவ்வொரு காசின் மீதும் துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு. அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கேதான் அந்தக் காசின் குட்டு உடைந்தது என்று அர்த்தம்.

முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் அவர் மூன்று சோதனைதான் செய்தார். காந்தம் இழுக்கிறதா, கல்லில் போட்டால் கணீரென்று கேட்கிறதா, எடை சரியாக இருக்கிறதா. இந்த மூன்றிலும் தேறினால் பாஸ். அந்தக் காலத்திலேயே சுற்று வட்டாரத்தில் பேர் பரவிவிட்டது. கல்யாணச் சீருக்கு வைக்கும் காசு, பாகப்பிரிவினையில் வந்த காசு, உண்டியலில் விழுந்த காசு என்று கொண்டுவந்து காட்டுவார்கள். துணிக்கு எழுதுகிற அதே படிவத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். இதற்குக் கூலி வாங்கியதில்லை.

2016-ல்தான் வேறு ஒரு வழி அவருக்குப் பிடிபட்டது. ஒரு துணி உருளையில் மெல்லிய கோடு ஒன்று நீளவாக்கில் ஓடியது. எங்கோ மாட்டிக் கீறிவிட்டது என்று துணி பின்னும் நிட்டிங் மாஸ்டர் சாதித்தார். கன்னையன் பக்கத்து உருளையைப் பிரிக்கச் சொன்னார். அதே இடத்தில் அதே கோடு.

"ஒரு துணியில இருந்தா கீறலுங்க. ரெண்டு துணியில ஒரே எடத்துல இருந்தா ஊசி வளைஞ்சிருக்குது" என்றார். அப்படியேதான் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் தன் காசுகளைப் பரப்பி வைத்தார். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு ஆளிடம் வாங்கிய இரண்டு 1862 ரூபாய்களில் ராணியின் காதுக்குக் கீழே ஒரே மாதிரி ஒரு பள்ளம். கை மாறி விழுந்து அடிபட்ட இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே பள்ளம் வர வழியே இல்லை. அது அச்சில் இருந்த பள்ளம். அப்படியானால் ஒரு கள்ளக்காசைத் தனியாகப் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட, அதன் ஜோடியைப் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடிப்பது சுலபம். அதுவரை கைக்கு வந்ததை மட்டும் வைத்துக்கொண்டவர், அதிலிருந்துதான் கள்ளக்காசுகளைத் தேடித் தேடிச் சேர்க்கத் தொடங்கினார்.

"அப்போ 2016-க்கு முன்னால எடை மட்டும் பாத்துப் பாஸ் போட்டதெல்லாம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போன சிப்மெண்ட் போனதுதானுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுத் துணி வெட்டப் போய்விட்டார்.

சுபஸ்ரீ கோயம்புத்தூர் கல்லூரியில் என்னோடு படித்தவள். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பெண். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். 2021-ல் சேவூர் லிங்கசாமியின் மகன் நித்தீசைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தாள். லிங்கசாமி குடும்பத்துக்குத் தோட்டமும் உண்டு, அறுபது மிஷின் ஓடும் ஒரு தையல் கம்பெனியும் உண்டு. அவள் குழந்தை யுவனைப் பார்க்க இந்த ஏப்ரலில் போயிருந்தேன். கொல்லையில் குழந்தைத் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்.

அந்த வீட்டில் பதினாறு ராணி ரூபாய்கள் இருந்தன. லிங்கசாமியின் அப்பா தன் மருமகள், அதாவது சுபஸ்ரீயின் மாமியார் மாரக்காளிடம் கொடுத்தவை. கம்பெனி தொடங்கியபோது பதினாறு மிஷின்கள். அதனால் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முதல் வரிசையில் உள்ள பதினாறு மிஷின்களின் தலையில் பொட்டு வைத்து, தலைக்கொரு ராணி ரூபாய் வைப்பார்கள். பூஜை முடிந்ததும் காசுகளைப் பொறுக்கிக் கழுவித் துடைத்துச் சுருக்குப் பையில் போட்டுப் பீரோவில் வைப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. நான்கு வருடமாக அது சுபஸ்ரீயின் வேலை. பீரோ சாவியும் அவளிடம்தான்.

பேரனின் முதல் பிறந்தநாளுக்கு அரைஞாண் செய்யலாம் என்று மாரக்காள் பிப்ரவரியில் யாரிடமும் சொல்லாமல் இரண்டு காசுகளை ஆசாரியிடம் கொண்டுபோனார். ஆசாரி ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டு, "நாலணா வெள்ளிங்க, பன்னெண்டணா செம்புங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அத்தை ஊட்டுக்கு வந்து என்ன சொன்னாங்க தெரியுமா?" என்றாள் சுபஸ்ரீ. "'ஊட்டுல எல்லாரும் நல்லவங்கதான் கண்ணு. பீரோ சாவிய மட்டும் சாமி ரூம்ல வெச்சுரு'ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல."

"நித்தீஷ்?"

"அம்மா அப்பிடியெல்லாம் நெனைக்க மாட்டாங்கங்கறார்."

"மாமனார்?"

"அவர் பேசறதே இல்ல. எங்கப்பா வெள்ளி வேலை செய்யறவர்ங்கறது கல்யாணத்தன்னிக்கு இவங்களுக்குப் பெருமையா இருந்துச்சு. இப்ப அதையே வேற மாதிரி நெனைக்கறாங்க. திருடின்னு நேரா சொன்னா நான் பதில் சொல்லுவேன். யாருமே சொல்லல. யாருக்குன்னு பதில் சொல்றது?"

காசுகள் முதலிலேயே கள்ளக்காசாக இருந்திருக்கலாமே என்றேன். அங்கேதான் சிக்கல் என்றாள். 2014-ல் லிங்கசாமி அந்தப் பதினாறையும் ஒருவரிடம் சோதிக்கக் கொடுத்திருக்கிறார். எல்லாம் நல்ல காசு என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டில் இருக்கிறது. அன்று நல்ல காசு, இன்று கள்ளக்காசு. நடுவில் சாவி இவளிடம்.

"மே கடைசியில பிறந்தநாள். எங்கப்பா அம்மா வருவாங்க. அதுக்குள்ள இது தெரியணும். எங்கப்பா இந்த வாசப்படி ஏறும்போது அவரையும் அப்பிடிப் பாத்தாங்கன்னா, நான் அவங்களோடயே கெளம்பிருவேன். சும்மா சொல்லல."

சீட்டில் யார் கையெழுத்து என்று கேட்டேன். கன்னையன் என்றாள்.

காசுகளை எடுத்துக்கொண்டு போக யார் அனுமதியும் தேவைப்படவில்லை. சுருக்குப் பை சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. கள்ளக்காசுக்கு எதற்குப் பூட்டு? பதினைந்து முழுக் காசு, ஒன்று இரண்டு துண்டாக.

திங்கள் மதியம் லேபில் பையைக் கன்னையன் முன் வைத்தேன். யாருடையது, என்ன நடந்தது என்று எல்லாம் சொன்னேன்.

"லிங்கசாமி ஐயா காசுங்களா? அது நான் பாத்ததாச்சே. பாஸ்" என்றார். கண்ணாடியை எடுத்து இரண்டு காசுகளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இது கள்ளதுங்க. ஆனா நான் பாத்தது இது இல்லீங்க. யாரோ மாத்தியிருக்கறாங்க."

"அண்ணா, அப்படிச் சொன்னா அந்தப் பொண்ணுதான் மாத்துனதா ஆயிடும்."

"நான் யாரையும் சொல்லலீங்க அம்மிணி. காசத்தான் சொன்னேன்."

"பழைய நகல் இருக்குமே, எடுங்க."

அவருக்கு அது பிடிக்கவில்லை. சோற்றுப் போசியைக் கழுவி வைத்தார், கை துடைத்தார், பிறகுதான் கோப்பை எடுத்தார். 'லி.சா., சேவூர், 16 எண்ணம்' என்று தலைப்பு. கீழே பதினாறு எடைகள். சாயப் பொடி நிறுக்கும் தராசு அது, கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும். ஆகவே ஒவ்வொரு எடையிலும் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கங்கள் இருந்தன. அடியில் 'பாஸ்'.

முதல் காசை வைத்தார். 11.703. படிவத்தில் எங்காவது அந்த எண் இருக்கிறதா என்று தேடினேன். மூன்றாவது வரியில் 11.705 இருந்தது. அடுத்தது 11.641. ஒன்பதாவது வரியில் 11.642. ஐந்தாவது காசுக்குப் பிறகு அவர் வாய்விட்டு எண் சொல்வதை நிறுத்திவிட்டார். பதினைந்துக்கும் ஜோடி கிடைத்தது. வெட்டிய இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்தபோது, மிச்சமிருந்த பதினாறாவது எண்ணுக்குச் சற்றே கீழே வந்தது. வெட்டும்போது உதிர்ந்த தூள் அளவுக்கு.

2014-ல் அவர் எடை போட்டது இதே காசுகளைத்தான். யாரும் எதையும் மாற்றவில்லை.

கன்னையன் படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"பிளஸ்ல இருக்குதுங்க" என்றார்.

"என்னது?"

"ராணி ரூவா புதுசா அச்சடிக்கறப்பவே பதினொன்னு புள்ளி அறுவத்தாறுதானுங்க. நூறு வருசம் கையில பொழங்குனா எளைக்கும். எப்பிடிங்க கூடும்? இதுல ஏழு காசு கூட இருக்குது. அன்னிக்கும் இதே நம்பரத்தான் எங்கையால எழுதியிருக்கறேன். பிளஸ் மைனஸ் போட்டுட்டனுங்க. துணிக்குப் போடற மாதிரி, கொஞ்சம் கூடுனாலும் பாஸ், கொஞ்சம் கொறைஞ்சாலும் பாஸ்னு."

உடனே சுபஸ்ரீக்கு போன் செய்யலாம் என்றேன். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எண்கள் கண்முன் இருக்கின்றன, இன்னும் என்ன? மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. வீட்டுக்கு போன் போட்டால் வேலாத்தாள் எடுத்தார்.

"பீரோவப் பூராக் கட்டில்ல கொட்டி வெச்சுருக்கறாரு. கேட்டா, 'நான் ஒரு பொண்ணத் திருடியாக்கிப் போட்டேன்'ங்கறாரு. எனக்கு ஒன்னும் வெளங்கலீங்க. நீங்களாவது சோறு உங்கச் சொல்லுங்க."

புதன்கிழமை வந்தார். பதினாறில் மூன்று காசுகளில், வருடம் வெவ்வேறாக இருந்தாலும், பின்பக்கப் பூவேலையில் ஒரே கொடி ஒரே இடத்தில் அறுந்திருந்தது. அதே அறுந்த கொடி அவருடைய கோப்பிலும் ஒரு காசில் இருந்தது. அதை அவர் திண்டுக்கல்லில் வாங்கிய வருடம் 2012. சுபஸ்ரீ அந்த வீட்டுக்கு வருவதற்கு ஒன்பது வருடம் முன்பே அந்த அச்சு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"போன்ல சொல்ல வேண்டாமுங்க. எந்த ஊட்டுக்கு நான் தப்பாச் சீட்டுக் குடுத்தனோ, அந்த ஊட்டுல போய்ச் சொல்றதுதானுங்க மொறை" என்றார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

லிங்கசாமி வீட்டில் எங்களை நன்றாகத்தான் வரவேற்றார்கள். கன்னையனின் அப்பா ஒரு காலத்தில் அவர்கள் தோட்டத்தில் வேலை செய்தவர். ஆனாலும் நாற்காலி போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள். அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார். நித்தீசும் இருந்தான். சுபஸ்ரீ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"ஐயா, ரெண்டாயிரத்துப் பதினாலுல உங்க காசுக்கு நான் ஒரு ரிப்போர்ட் குடுத்தனுங்க. அது தப்புங்க."

"பழைய கதை, உடுங்க கன்னையா" என்றார் லிங்கசாமி. "போனது போச்சு. ஏதோ நம்ம நேரம்."

"போகலீங்க ஐயா. அன்னிக்கு நீங்க கொண்டுவந்தது இதே காசுதானுங்க. ஆரும் மாத்தலீங்க. அன்னிக்கே இது கள்ளதுதான். எனக்குத்தான் தெரியல."

மாரக்காள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "நல்ல காசுன்னு எழுதிக் குடுத்ததும் நீங்கதான். இப்ப இல்லீங்கறதும் நீங்கதான். நாளைக்கு மறுபடி நல்லதுன்னு வந்து நிப்பீங்களாட்ட இருக்குதுங்களே."

"நீங்க எப்பிடிச் சொன்னாலும் தகுமுங்க" என்றார் கன்னையன். தன் பையிலிருந்து ஒரு சின்னத் தராசையும் அந்தச் சுருக்குப் பையையும் எடுத்து டீப்பாயில் வைத்தார். பழைய படிவத்தை நித்தீசிடம் கொடுத்தார். "எம் பேச்ச நம்ப வேண்டாமுங்க. உங்க கையால ஒரு காசு எடுத்து வெய்ங்க. எதை வேணும்னாலும் எடுங்க. தம்பி பேப்பரப் பாத்துச் சொல்லட்டும்."

மாரக்காள் சுருக்குப் பைக்குள் கைவிட்டுத் துழாவி ஒன்றை எடுத்து வைத்தார். நித்தீஷ் தேடினான். "இருக்கும்மா. மூணாவது" என்றான். இன்னொன்று வைத்தார். "பன்னெண்டாவது." மூன்றாவதாகச் சுபஸ்ரீயைக் கூப்பிட்டு, "நீ எடு கண்ணு" என்றார். சுபஸ்ரீ அசையவில்லை. அவரே எடுத்து வைத்தார். அதுவும் இருந்தது.

"எம் மாமனாரு எங்கையில குடுத்த காசுங்க இது" என்றார் மாரக்காள். "தோட்டம் வாங்குனப்பக்கூட இதத் தொடல அவரு. கள்ளக்காசையா வெச்சிருந்திருப்பாரு?" தராசிலிருந்த காசை எடுத்துச் சுருக்குப் பையில் போட்டார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அன்னிக்கு எதுக்குங்க இதக் கொண்டுட்டுப் போய்ச் சோதிச்சீங்க? நான் கேக்கவே இல்லியே."

லிங்கசாமி எழுந்து மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கோர்ட்டு உத்தரவுல சாயப்பட்டறையெல்லாம் மூடுன வருசம், ரெண்டாயிரத்துப் பதினொன்னு" என்றார். "ஒரு மாசமா மிசினு ஓடல. பதினாறையும் வித்துப் போட்டேன். உங்கிட்டச் சொல்ல வாயி வரல. ஆயுத பூசைக்கு வெறும் பையவா கொண்டுபோறது? ஈரோட்டுல ஒருத்தன் இத மாதிரி குடுத்தான்."

"அப்ப சோதிச்சது?"

"கன்னையனே பாத்து நல்ல காசுன்னுட்டா, அதுக்கு மேல ஆருக்கும் சந்தேகம் வராதுன்னு நெனச்சேன். மூணு வருசம் பயந்துட்டே இருந்தேன். அவரு பாஸ் போட்டப்புறம் எனக்கே அது மறந்து போச்சு."

கன்னையன் தலை குனிந்துகொண்டார். சுபஸ்ரீதான் பேசினாள்.

"மூணு மாசமுங்க மாமா."

"ஆமா கண்ணு."

"தெரிஞ்சே இருந்தீங்க."

"ஆமா."

நித்தீஷ் படிவத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். மாரக்காள் சாமி ரூமுக்குப் போய்ச் சாவியை எடுத்து வந்து நீட்டினார். "அங்கயே இருக்கட்டுங்க அத்தை" என்றாள் சுபஸ்ரீ. கோபமாகச் சொல்லவில்லை. பிறகு மாமனாரிடம், "எங்கப்பா வர்றப்ப இத நீங்களே அவர்கிட்டச் சொல்லிருங்க மாமா. நான் சொல்ல மாட்டேன், இவரும் சொல்லக் கூடாது" என்றாள். லிங்கசாமி தலையை ஆட்டினார்.

அவர் சொல்லவும் செய்தார். பிறந்தநாள் விருந்து முடிந்து கை கழுவும் இடத்தில், துண்டை நீட்டிக்கொண்டே இரண்டு வாக்கியத்தில் சொன்னாராம். சுபஸ்ரீயின் அப்பா துடைத்த கையை மறுபடி துடைத்துவிட்டு, "ஒரு காசை எங்கிட்டக் காட்டியிருந்தா ரெண்டு நிமிசத்துல சொல்லியிருப்பேனே சம்பந்தி" என்றாராம். அவர் மகளை ஏதாவது கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. சுபஸ்ரீ கிளம்பவில்லை. ஆனால் இந்த வருடம் ஆயுத பூஜைக்கு மிஷின் மேல் எலுமிச்சம்பழம் போதும் என்று சொல்லிவிட்டாள்.

சீட்டு தப்பு என்று சொல்லிவிட்டு வந்த அன்று, கன்னையனோடு சேவூரிலிருந்து திரும்பினேன். அவிநாசியில் டீ குடிக்க நிறுத்தினேன்.

"அவரு ஏமாத்துனதச் சொல்லலீங்க அம்மிணி" என்றார். "அவரு கவலை அவருக்கு. நான் பாஸ்னு எழுதற வார்த்தையை நம்பி ஒருத்தரு ஒரு பொய்யப் பதினோரு வருசம் வெச்சிருக்கறாரு. ஒரு பொண்ணு அதுல மாட்டிக்குது. துணின்னா பரவாயில்லீங்க, ஒரு தடவ தொவைச்சா தெரிஞ்சுரும்."

2016-க்கு முன் எடையை மட்டும் நம்பி அவர் பாஸ் போட்ட காசுகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று அடுத்த வாரம் நகல்களை எடுத்துப் பார்த்தோம். நாற்பத்தொரு வீடுகள். ஏற்றுமதியான துணியில் குறை என்று தெரிந்தால் மொத்த சரக்கையும் திரும்ப வரவழைப்பதுண்டு. காசுகளை அப்படி வரவழைக்க முடியாது, நாம்தான் போக வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் போகத் தொடங்கினார். வேலை தாங்காது என்று நினைத்திருந்த ஆறு மாதம் எனக்கு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. ஸ்கூட்டர் என்னுடையது என்பதால் நானும் போனேன்.

முதல் ஒன்பது வீடுகளில் ஆறு வீட்டுக் காசுகள் நல்லவை. எடையை மட்டும் வைத்துப் பார்த்தபோதும் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருந்தார். இரண்டு வீட்டில் கள்ளக்காசு. ஒரு வீட்டில் எப்போதோ விற்றுவிட்டிருந்தார்கள். கள்ளக்காசு என்று தெரிந்த ஒரு வீட்டில் அவரைத் திட்டினார்கள். நின்று கேட்டுக்கொண்டார்.

பத்தாவது வீடு கணியூரில். சின்னத்தாய் என்று ஒரு அம்மா, தனியாக இருக்கிறார். ஐந்து ராணி ரூபாய்கள். 2011-ல் கன்னையன் பாஸ் போட்டது. அவர் வந்த காரணத்தைக் கேட்டதும் அந்த அம்மா பீரோ பக்கம் போகவே இல்லை.

"நீங்க நல்லதுன்னு சொன்னப்புறந்தானுங்க எம் பொண்ணு கல்யாணத்துல தாம்பாளத்துல வெச்சோம். அவ இப்ப மூணு பிள்ளைக்காரி."

"அதானுங்க, ஒரே ஒரு தடவ பாத்துடறனுங்க. அஞ்சு நிமிசம்."

"பாத்து? கெட்டதுன்னா நான் என்ன பண்றது? சம்பந்தி ஊட்டுக்குப் போய்ச் சொல்லணுங்களா?"

"சொல்ல வேண்டாமுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? தெரியாமயே நல்லாத்தான் இருக்கறேன்."

கன்னையன் அரை மணி நேரம் சொல்லிப் பார்த்தார். சேவூரில் நடந்ததைப் பேர் சொல்லாமல் சொன்னார். நாளைக்கு இந்தக் காசு வெளியே போய்க் கள்ளக்காசு என்று தெரிந்தால், வீட்டுக்கு வந்துபோகிற யாரோ ஒருவர் மேல்தான் பழி விழும் என்றார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மோர் கொண்டுவந்து கொடுத்தார். பீரோவைத் திறக்கவில்லை.

"சரிங்க, அடுத்த ஞாயித்துக்கெழம வர்றனுங்க" என்று எழுந்தார் கன்னையன்.

"வாங்க. வந்தா சாப்பிட்டுட்டுப் போலாம். காச மட்டும் கேக்காதீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனார்.